எல்லாத் தாத்தாக்களுக்கும் ஒரே பூட்ஸ்

இந்த அவைக்குத் தலைமையேற்று, வணிகர் சங்கத்தைத் தோளில் சுமந்துவரும் பெருமதிப்பிற்குரிய காத்தவராயன் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சங்கத்துப் பெரியோர்களே! மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் நிறுவனத்தின் சார்பில், நம் ஊரைத் தேடி ஆள் எடுக்க வந்திருக்கும் அலுவலர் திரு. அனில் அவர்களே! பெங்களூர் வண்டியிலிருந்து இறங்கிய கால்களை வீட்டுக்குத் திருப்பாமல் இந்தப் பந்தலுக்குத் திருப்பிய அண்ணன்மார்களே, தம்பிமார்களே! அடுப்பை அணைத்துவிட்டும், அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! சாம்பியன் ரீப்ஸ், மைசூர் மைன்ஸ் என்று தங்கவயலின் மூலைக்கு மூலையிலிருந்து வந்து இந்த மைதானத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே! உங்கள் ஒவ்வொருவர் முன்னும் என் கைகள் குவிகின்றன.

என்னைப் பேச அழைத்தது உங்களில் பலருக்கு வியப்பு. எனக்குப் பெருவியப்பு. அதோ, பின்னால் ரவி அண்ணன் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது இங்கே வரைக்கும் கேட்கிறது. ‘தெனம் ரயில்ல எதுத்தாப்புல உக்காந்துகினு வருது. புக்கு மேலயே கண்ணு. ஒரு நாளு வாயத் தொறந்ததில்ல. இதுவா பேசப் போவுது?’ அண்ணே, ஒலிவாங்கி என்னிடம் இருக்கிறது. ஆனால் உங்கள் குரலுக்கு அது தேவையே இல்லை. நீங்கள் சொல்வது உண்மைதான். பேசுவதைவிடப் படிப்பது எனக்குப் பழக்கம். ஆனால் படித்த ஒன்று தொண்டைக்குள் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டால், வாய் திறக்காமல் என்ன செய்ய முடியும்?

இரண்டு வேலைகளுக்காக என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் மண்டபத்தில் பழைய பத்திரிகை விளம்பரங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறோம். அதைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகச் சொல்ல வேண்டும். அது முதல் வேலை. இதோ, என் வலப்பக்கம் பச்சைத் துணி போர்த்தி நிற்கும் இந்தப் பெரிய பலகையின் துணியை விலக்கித் திறந்து வைக்க வேண்டும். அது இரண்டாவது வேலை. அனில் அவர்களுடைய நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு விளம்பரம் அது. பந்தல் ஓரத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். பலகை திறந்ததும் நம் பிள்ளைகள் பெயர் கொடுக்கலாம். இந்த வாரமே வடக்கே வண்டி ஏறலாம்.

முதல் வேலையைத் தொடங்குகிறேன்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த ஊரில் ‘சுரங்க மித்திரன்’ என்றொரு வாரப் பத்திரிகை வந்தது. நாலே பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் விளம்பரம்! மிச்சமிருந்த அரைப் பக்கத்தில் செய்தி. அந்தச் செய்தியிலும் பாதி, விளம்பரம் கொடுத்த கடைக்காரர் வீட்டுக் கல்யாணம்! சங்கத்துப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாத வித்தையா ஐயா?

சோடா விற்றார்கள், சோப்பு விற்றார்கள், சுருட்டு விற்றார்கள். ஆனால் வெறுமனே விற்றார்களா? வீராப்போடு விற்றார்கள்! ‘எமது சோடாவின் கோலி உள்ளே விழும் சப்தம் அடுத்த தெருவுக்குக் கேளாவிடில் புட்டி இனாம்’ என்றார் ஒருவர். ‘எமது ரொட்டியைத் தின்ற துரை தமது தேசத்தை மறந்தார்’ என்றார் இன்னொருவர். துணிக்கடைக்காரர் ஒருவர் எச்சரிக்கையே விட்டிருக்கிறார்: ‘எதிர்க் கடையில் வாங்கிய வேஷ்டியை உடுத்திக்கொண்டு எமது கடைக்கு வரவேண்டாம். எமது சிப்பந்திகளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.’

நானும் சிரித்தேன், பெருமக்களே. வாசக சாலையில் அந்தப் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிச் சிரித்தேன். வாசக சாலையைக் கவனித்துக்கொள்ளும் ஜூடித் என் தோழி. ‘பல்லு சுளுக்கிக்கப் போவுது, மெதுவா சிரி’ என்று அவள் அதட்டும் அளவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே நின்றது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊரில் எந்தப் பழைய குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடத்துச் சுவரில் ஒரு படம் உண்டா இல்லையா? வட ஆற்காட்டிலிருந்து வந்த முதல் மனிதரின் படம். தலையில் தொப்பி. கையில் விளக்கு. நெஞ்சு நிமிர்ந்த நிற்பு. காலில் பூட்ஸ்! அந்தப் பூட்ஸைப் பற்றி நாம் பேசாத பேச்சு உண்டா? ‘மத்தவன்லாம் வெறுங்காலோட எறங்குனான். எங்க தாத்தாவுக்கு மட்டும் கம்பெனி பூட்ஸ் கொடுத்துச்சு.’ இதைச் சொல்லாத வீடு எது? என் வீட்டிலும் சொன்னார்கள். நானும் நம்பினேன், நாலு பேரிடம் நானே சொல்லியும் இருக்கிறேன்.

மைசூர் மைன்ஸில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். தட்டு மாற்றும் நேரத்தில் பெண் வீட்டார் ஒருவர், ‘நாங்க பூட்ஸ் போட்ட பரம்பர. மாப்ள ஊட்ல எப்டி?’ என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ‘இன்னாய்யா சொல்ற? எங்க தாத்தா பூட்ஸு போட்டு ஒதச்சா உங்க தாத்தா ஆந்திரா வரைக்கும் போவாரு!’ என்றவர், அந்த நிமிடமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், படத்தைச் சுவரோடு பெயர்க்காத குறையாகக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில். இங்கேயும் பூட்ஸ், அங்கேயும் பூட்ஸ். சமமான சம்பந்தம் என்று எல்லோருக்கும் திருப்தி. பாயசம் பரிமாறினார்கள். அத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்தோம். ஒருவர்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

இந்தக் கண்காட்சிக்காக அந்தப் படங்களை எல்லாம் உங்களிடம் கேட்டு வாங்கினோம். நீங்களும் துடைத்து, பொட்டு வைத்து, பத்திரம் பத்திரம் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். எந்தச் சுவரில் எதை மாட்டலாம் என்று பார்க்க, மண்டபத்துத் தரையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினோம். ஜூடித் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். பார்த்தவள் சத்தம் போட்டாள்: ‘ஏய் வாணி! மூஞ்சிய உடு. எல்லார் காலையும் பாருடி!’

பார்த்தேன்.

இடது பூட்ஸில் நாடா இல்லை. நாடாவுக்குப் பதில் சணல் கயிறு. முனையில் ஒரு விரிசல், பிறை மாதிரி. முதல் படத்தில் அந்தக் கயிறு, அந்த விரிசல். அடுத்த படத்தில் அதே கயிறு, அதே விரிசல். அதற்கடுத்த படத்திலும் அதே! முகம் மாறுகிறது, மீசை மாறுகிறது, குலம் மாறுகிறது, கும்பிடும் சாமி மாறுகிறது. பூட்ஸ் மாறவே இல்லை! தரை முழுக்க ஒரே ஒரு ஜோடி பூட்ஸ், எத்தனையோ தாத்தாக்களின் கால்களில் ஏறி நின்றுகொண்டிருந்தது!

ஆமாம் தாயே, உங்கள் வீட்டுப் படத்திலும்தான். ‘எங்களுதுல கயிறு கெடையாது’ என்கிறீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டாவது வரிசையில் மாட்டியிருக்கிறோம். என் வீட்டுப் படம் அதற்குப் பக்கத்தில்தான். கோபம் வேண்டாம். அதிலும் அதே கயிறுதான்.

அவர்களுக்கு யாரும் பூட்ஸ் கொடுக்கவில்லை. வெறுங்காலோடு இறங்கினார்கள். அப்படியானால் இந்த ஒரு ஜோடி யாருடையது? விடை மறுபடியும் ‘சுரங்க மித்திரன்’ விளம்பரத்தில் இருந்தது. சோடாவுக்கும் சுருட்டுக்கும் நடுவில், பூ வேலைப்பாடு போட்ட கட்டத்துக்குள் இருந்தது. எட்மண்ட் என்பவர் நடத்திய போட்டோ ஸ்டூடியோவின் விளம்பரம். எழுத்துக்கு எழுத்து அப்படியே படிக்கிறேன். ‘சுரங்கத்தில் புதிதாய் இறங்கும் கனவான்களுக்கு விக்ஞாபனம். பாறை சரிந்த பிற்பாடு எவர் முகத்தையும் எம்மால் படம் எடுக்க இயலாது. ஆகையால் முதல் ஷிப்டுக்கு முன்னரே வந்து, தங்கள் பிம்பத்தைத் தங்கள் சம்சாரத்தினிடம் விட்டுச் செல்வது உத்தமம். தொப்பி, விளக்கு, பூட்ஸ் நம்மிடமே உண்டு.’

கேட்டீர்களா? காதில் விழுந்ததா? கோலி சோடா போலக் கூவியா விற்பார்கள் இதை? சாவு வரும், வருமுன் முகத்தைக் கொடுத்துவிட்டுப் போ என்று ஒரு மனிதர் காசு கொடுத்து அச்சடித்திருக்கிறார்! அச்சடித்ததைப் படித்துவிட்டு நம் முன்னோர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள்! ஒருவர் கழற்ற, அடுத்தவர் மாட்ட, அந்தப் பூட்ஸின் சூடு ஆறியிருக்குமா? பெருமைக்கு எடுத்த படம் என்று நாம் பூஜித்தோமே, அது பெருமைக்கா எடுத்தது? ‘நான் திரும்பாவிட்டால் பிள்ளைக்குக் காட்டு’ என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போன படமல்லவா அது? அன்று வாசக சாலையில் ஜூடித் கொடுத்த தேநீரை நான் குடிக்கவில்லை.

அந்த எட்மண்டை நான் மனதாரத் திட்டினேன். ஈரமில்லாத மனிதர் என்றேன். கல் நெஞ்சம் என்றேன். அப்போது தன் வீட்டுப் படம் பத்திரமா என்று பார்க்க ஒருவர் வந்தார். முன்வரிசையில் இருக்கிறாரே, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் நம் சரோஜம்மா, அவர்தான் வந்தார். அவருடைய தாத்தா கன்னியப்பன். முதல் ஷிப்டு இறங்கிய அந்த வருஷமே பாறை வெடிப்பில் போய்விட்டார். அப்போது சரோஜம்மாவின் தாய் மடியில் தவழும் குழந்தை. விளம்பரத்தைச் சரோஜம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை. ‘அந்தப் படத்தக் காட்டித்தான் எங்கம்மாவுக்கு அப்பான்னு கூப்புட சொல்லிக் கொடுத்தாங்க. பூட்ஸு யாருதா இருந்தா இன்னா? மூஞ்சி எங்க தாத்தாவுதுதான?’ என்றார். என் கோபம் வந்த வழியே திரும்பிப் போனது. எட்மண்ட் லாபத்துக்குத்தான் செய்தார். ஆனால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இந்த வேலையில் உயிர் போகும் என்பதை இந்த ஊரில் அச்சிட்டுச் சொன்ன ஒரே மனிதர், படம் எடுக்கும் கடைக்காரர்!

இத்தோடு என் முதல் வேலை முடிந்தது. தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டாவது வேலைக்கு வருகிறேன் ஐயா.

இன்று மதியம் இந்தப் பலகையை நிறுத்தும்போது துணி போர்த்தவில்லை. நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைச் சொல்லாமல் துணியை விலக்க என் கை வராது. இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘தங்கவயல் சிங்கங்களே! பூமிக்கடியில் உங்கள் பொற்காலம்!’ கீழே சம்பளம். சாப்பாடு இலவசம், தங்குமிடம் இலவசம். இவற்றுக்கெல்லாம் நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு படம். தொப்பி, விளக்கு, சணல் கயிறு கட்டிய பூட்ஸ். கண்காட்சியிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம்.

சரோஜம்மா, மன்னியுங்கள். அது உங்கள் தாத்தா கன்னியப்பன்.

பின்னால் கேட்டிருக்காது, சரோஜம்மா எழுந்து நின்று கேட்கிறார்: ‘எங்க தாத்தாவா? யாரக் கேட்டு போட்டாங்க? உள்ள போயி திரும்பி வராத மனுசன வச்சா ஆளக் கூப்புடுறாங்க?’

இதைத்தான் தாயே, நானும் மதியமே கேட்டேன். திரு. அனில் அவர்களிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். இந்தக் குடைவு வேலையில் தண்ணீர் பீறிட்டால் என்ன ஏற்பாடு? மேலே மண் இறங்கினால் யார் பொறுப்பு? ஒரு பிள்ளையிடமிருந்து நாலு நாளாகப் போன் இல்லை என்றால், இங்கே இருக்கும் தாய் யாரைக் கூப்பிட வேண்டும்? அவர் நல்ல மனிதர். சிரித்தபடியே சொன்னார்: ‘மேடம், விளம்பரத்துல இதெல்லாம் யாராவது போடுவாங்களா?’

போட்டார்கள், ஐயா! இதே ஊரில் போட்டார்கள்! வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளமாய் இருந்த காலத்தில், நாலு பக்கப் பத்திரிகையில், சோடாவுக்குப் பக்கத்தில் போட்டார்கள்! கையில் ஆளுக்கொரு போன் இருக்கும் இந்தக் காலத்தில், வானுயரப் பலகையில் அந்த ஒரு வரிக்கு இடமில்லையா? அன்றைய விளம்பரம் என்னை அதிரவைத்தது. இன்றைய விளம்பரம், அந்த விளம்பரத்தைப் போய்க் கும்பிடவைக்கிறது. இதைவிட ஓர் அதிர்ச்சி எனக்கு இனி வர வேண்டுமா?

வந்துவிட்டது. இதோ, சரோஜம்மா மேடைக்குக் கீழே வந்து நின்று என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதை நான் மறைக்க மாட்டேன், அப்படியே சொல்கிறேன். ‘வாணிம்மா, உன் வாய்க்குப் புண்ணியமாப் போவட்டும். கெடுத்துடாதம்மா. எம் புள்ள உதய் பேரு கொடுக்கத்தான் வந்து கீறான். நைட்டு பூரா பெங்களூருல வாச்மேன் வேல, பகல் பூரா ரயிலு. அவன் தூங்கிப் பாத்து எத்தினி நாளாவுது. ஃபோட்டோவ வேணா வச்சிக்கட்டும். வேலைய மட்டும் கெடுத்துடாத.’

பெருமக்களே, சுரங்கம் மூடிய ஊரில், விடியாத நேரத்து ரயிலே விதியாகிப்போன ஊரில், வேலையைத் தடுக்க நான் யார்? அம்மா, உதய் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் போவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்வான். ஆனால் எதற்குள் போகிறான் என்று தெரிந்து போகட்டும். தெரிந்துகொண்டு இறங்குபவனுக்கும், ஏமாந்து இறங்குபவனுக்கும் வித்தியாசம் இல்லையா? உதய், நீயே சொல்லு தம்பி.

கேட்டீர்களா? ‘போறதுக்கு ரெடிக்கா. ஆனா அந்த நம்பர் இன்னான்னு கேளு. எங்கம்மா யாருக்குப் போன் பண்ணணும்?’ என்கிறான்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கைதட்டினால் இது பேச்சோடு போய்விடும்.

தலைவர் ஐயா பின்னாலிருந்து, ‘துணியத் தூக்கிடும்மா, அப்பறம் உள்ள உக்காந்து பேசிக்கலாம்’ என்கிறார். ஐயா, உங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இந்த மேடையைவிடப் பெரியது. ஆனால் திறந்த பிறகு பேசுவதை யார் கேட்பார்கள்? மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்த பிறகு யார் நிற்பார்கள்? நான் கேட்பது இரண்டே வரி. ‘இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து உண்டு. ஆள் திரும்பாவிட்டால் வீட்டார் கேட்க வேண்டியவர் இன்னார், அவருடைய எண் இது.’ அந்த இரண்டு வரி ஏறாமல், பலகைத் துணியைக் கட்டியிருக்கும் இந்தக் கயிற்றை நான் இழுக்க மாட்டேன். வேறு யாராவது வந்து இழுப்பதானால் இழுக்கட்டும். அவர்கள் சரோஜம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கட்டும்.

ஒரு நிமிடம். தலைவர் எழுந்துவிட்டார். என்னை உட்காரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதை நீங்களும் கேளுங்கள்: ‘டேய் விநாயக், நம்ம கடைக்கு ஓடு. வெள்ள பெயிண்டு ஒரு டப்பா, பட்டைப் பிரஷ்ஷு ஒண்ணு எடுத்தா. அப்டியே போர்டு எழுதுற ஸ்ரீநிவாஸ் எங்க கீறான்னு பாரு. தாத்தா மூஞ்சி மேல பெயிண்டு படாம எழுதச் சொல்லு.’

ஐயா! உங்களுக்கு என் சிரம் தாழ்ந்த நன்றி. ஒரு வணிகர் தன் பெயரை இப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறார்.

ஸ்ரீநிவாஸ் அண்ணன் கூட்டத்திலேயே இருக்கிறார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருகிறார். ‘எழுத்து எம்மாம் பெருசு?’ என்று கேட்கிறார். சம்பளத்தை எத்தனை பெரிதாகப் போட்டிருக்கிறார்களோ அத்தனை பெரிதாக அண்ணே. துணியின் ஓரத்தைத் தூக்கி முதல் வரியை நீங்கள் இப்போதே எழுதலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது வரிக்குத்தான் பெயர் வேண்டும்.

திரு. அனில் அவர்களே, போனைக் காதில் வைத்திருக்கிறீர்கள். ‘ஆபீஸ்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்’ என்று மெல்லச் சொல்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தின் பெயர் ஏற்கெனவே பலகையில் பெரிதாக இருக்கிறது. அதை இந்தத் தாய் கேட்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும், சாப்பிடும், போன் அடித்தால் எடுக்கும் ஒரு மனிதரின் பெயரைக் கேட்கிறார். அது நீங்களாக இருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. வேறொருவர் என்றால் அவரிடம் இப்போதே பேசுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். ரயிலுக்குக் காத்திருந்து பழகிய ஊர் இது.

என் பேச்சு இவ்வளவுதான். வாய்ப்பளித்த வணிகர் சங்கத்துக்கும், படம் கொடுத்த வீடுகளுக்கும், பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், சிரித்தபடி வந்து இப்போது சிரிக்காமல் நிற்கும் ரவி அண்ணனுக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

அனில் ஐயா, இந்தாருங்கள், ஒலிவாங்கி. பெயரை மெதுவாகச் சொல்லுங்கள். சரோஜம்மா எழுதிக்கொள்ள வேண்டும்.